ஏழாம் எண்ணும் மஞ்சள் டப்பாவும்

காலையில் ஒட்டிய லேபிள்கள் ஒட்டிய இடத்திலேயே நின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டியவை நடக்க ஆரம்பித்தன.

நடப்பது என்றால், கழன்று விழுவதில்லை. பாட்டிலின் தோளருகே ஒட்டிய காகிதம், பெட்டியில் அடுக்கி முடிப்பதற்குள் இரண்டு விரற்கடை கீழே இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடும். அப்படிச் சாய்ந்த லேபிளைப் பார்க்கிறவர்களுக்கு உள்ளே இருக்கும் குளிர்பானமும் போலியோ என்று சந்தேகம் வரும். வந்துவிட்டது என்று பானத் தொழிற்சாலையிலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன.

அதே பசை, அதே காகிதம், அதே பாட்டில், அதே இயந்திரம். நேரம் மட்டும்தான் வேறு. பசைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

பசைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் பதினோரு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிப் பசை இளகுகிறதோ என்று பசை வாளியைப் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தாள். பசை இளகவில்லை, ஆனாலும் லேபிள் நடந்தது. காகிதம் ஈரம் குடிக்கிறதோ என்று புதுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தாள். புதுக் காகிதமும் நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பானத் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அந்த ஷிப்டில் லேபிள் இயந்திரத்தை ஓட்டுகிறவர் சாப்பிட்ட மயக்கத்தில் கோட்டை விடுகிறாரோ என்று அவரை ஒரு நாள் காலையில் வரச் சொன்னாள். அவர் காலையில் ஒட்டியது ஒன்றுகூட அசையவில்லை. "எனக்கு வயித்துப் புண்ணும்மா, மத்தியானம் நான் சாப்பிடறதே இல்ல" என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமை அவங்களோட மீட்டிங்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள காரணம் தெரியலன்னா அந்த ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா லேப் எதுக்கு? மூடிட்டு ஸ்டோர் ரூமாக்கிடறேன். காலி டப்பா வைக்கவாவது ஆகும்."

அவளையும் சேர்த்து மூன்று பேர் அந்த ஆய்வுக்கூடத்தில். ஒன்பது வருஷமாக அவள் நிற்கிற இடம் அது. செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டிருந்தது.

முதலாளிக்கு அவர் முதுகுக்குப் பின்னால் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'பூட்டு'. பெயருக்குக் காரணம் இருந்தது. பசையில் என்ன சேர்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியக்கூடாது என்பதற்காக அவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார். ஒன்று என்பது தண்ணீர் என்பதைக்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டு என்பது பாலிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள். அதுதான் பசைக்கு உயிர். அதைக் கலக்கும்போது பொங்கும் நுரையை அடக்குவது ஏழு. நுரையோடு பசை போனால் லேபிள் இயந்திரத்தின் உருளையில் கோடு கோடாக விழும். ஆகவே ஏழு இல்லாமல் முடியாது. ஆனால் ஏழு என்பது என்ன? அது அவளுக்கும் தெரியாது. அது வரும் டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதை முதலாளி தன் கையால் சுரண்டி எடுத்து, பூட்டிய அறைக்குள் தகரக் குவளைகளில் தானே நிரப்பி, ஏழு என்று எழுதி வெளியே வைப்பார்.

எதிர்த்தரப்பும் இளைத்ததல்ல. பானத் தொழிற்சாலையில் வெளியாட்கள் லேபிள் இயந்திரம் வரைக்கும் வரலாம். அதற்கு முன்னால் இருக்கும் கழுவுமிடத்துக்குக் கதவு உண்டு, கதவுக்குக் காவலும் உண்டு. பாட்டில் கழுவும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது உலகத்துக்கே தெரியும்: கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்கள் பழைய லேபிளோடு வரிசையாக உள்ளே போகும், கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீர்த் தொட்டியில் முங்கும், பழைய பசை கரைந்து லேபிள் உரியும், பிறகு சுடுநீர், வெதுவெதுப்பான நீர், பச்சைத் தண்ணீர் என்று படிப்படியாக அலசப்பட்டுப் பளிச்சென்று வெளியே வரும். எந்தத் தொட்டியில் என்ன ஊற்றுகிறார்கள் என்பதுதான் ரகசியம்.

அந்தக் கழுவுமிடத்துக்குப் பொறுப்பாளர் அவளுடைய கணவன்.

இரண்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கல்யாணம் தெரியும். அதனால்தான் வேலை ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று மற்றவர்கள் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், இவர்கள் இருவரும் ஆளுக்கு நாலு பக்கத்தில் போட்டிருந்தார்கள். வீட்டில் வேலையைப் பற்றிய பேச்சு, "இன்னிக்கு எப்படி?" "இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டு முடித்து அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவன் அலசிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சோப்பும் சரியில்ல" என்றாள். "மூணாவது தடவையா மாத்திட்டேன். நுரையே வர மாட்டேங்குது."

"சாயங்காலத் தண்ணி அப்படி" என்றான் அவன்.

நாத்தனார் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கணவனுடைய தங்கை, நகர நூலகத்தில் வேலை, இவர்களோடுதான் இருந்தாள். "அண்ணா, தண்ணிக்கு என்ன, காலையில ஒரு குணம், சாயங்காலம் ஒரு குணமா? காலையில இதே சோப்புலதான் நான் கழுவறேன். நுரை பொங்கி வழியுது."

"நீ நிறையச் சோப்பு போடுவ."

"போட்டுக் காட்டட்டுமா?"

அவள் ஒரு வாளியை எடுத்தாள். தண்ணீர் பிடித்து, சோப்பை ஒரே ஒரு சொட்டு விட்டு, கையால் நாலு அடி அடித்தாள். வாளிக்கு மேல் வெள்ளையாக நாலு விரற்கடைக்கு நுரை நின்றது. "இப்ப நீ கை வை" என்றாள் அண்ணனிடம்.

அவன் கையை விட்டான். கையைச் சுற்றி நுரை வட்டமாக விலகியது. பிறகு சொல்பேச்சுக் கேட்கிற மாதிரி மொத்தமாக அமிழ்ந்து போயிற்று.

நாத்தனார் புதிதாக இன்னொரு வாளி நுரை அடித்தாள். "அண்ணி, நீங்க வைங்க."

அதுவும் அமிழ்ந்தது.

"தண்ணியும் இல்ல, சோப்பும் இல்ல" என்றாள் நாத்தனார். "உங்க கைதான். ஆமா, நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலயா வேலை பாக்கறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அன்று காலை அவள் நாலு குவளை ஏழு கலந்திருந்தாள். அவன் என்ன ஊற்றினான் என்று கேட்க வாயெடுத்தாள். நாலு பக்கத் தாள் ஞாபகம் வந்தது.

"சோப்புதான் சரியில்ல" என்றான் அவன், கையைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் ஒரு சுத்தமான பாட்டிலை எடுத்து, விரல் நுனியில் ஏழைத் தொட்டு, தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரால் பாட்டிலை அலசினாள். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பசை தடவி லேபிளை ஒட்டினாள். லேபிள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நடக்க ஆரம்பித்தது.

விஷயம் எளிமையானது. நுரை என்பது மெல்லிய தண்ணீர்ச் சுவர்களால் ஆன வீடு. அதில் ஒரு துளி எண்ணெய்ப் பசையான பொருள் போய் உட்கார்ந்தால் அந்த இடத்தில் சுவர் கிழிகிறது; ஒன்று கிழிந்தால் பக்கத்துச் சுவரும் கிழிகிறது. ஏழு செய்வது அதைத்தான். ஆனால் அதே பொருள் கண்ணாடியின் மேல் தங்கிவிட்டால், எண்ணெய் பூசிய தட்டில் தண்ணீர் நிற்காத மாதிரி, பசைக்குப் பிடிப்பு இருக்காது. பசைக்குள் கொஞ்சம் இருந்தால் கெடுதல் இல்லை. பாட்டிலின் மேலும் இருந்து, பசைக்குள்ளும் இருந்தால், இரண்டும் சேர்ந்து காலை வாரிவிடும். அவள் பசையில் ஏழைப் பாதியாக்கிப் பார்த்தாள். நடை மெதுவானதே தவிர நிற்கவில்லை. முழுதாக எடுத்துப் பார்த்தாள். லேபிள் நின்றது, ஆனால் பசை பொங்கி உருளையில் கோடு விழுந்தது.

அப்படியென்றால் அங்கே யாரோ, கடைசித் தண்ணீரில், மத்தியானத்துக்கு மேல், இதையே ஊற்றுகிறார்கள். எதற்காக? அங்கே நுரை பொங்குகிறது. எதனால் பொங்குகிறது? காஸ்டிக் தொட்டித் தண்ணீரை நாள் முழுதும் மாற்றுவதில்லை. அதில் பழைய லேபிள்களின் பசை கரைந்துகொண்டே இருக்கிறது. பாலில் இருந்து எடுத்த தூள் காஸ்டிக்கில் கரைந்தால் சோப்பு மாதிரி நுரைக்கும். காலையில் கொஞ்சம், மத்தியானத்துக்குள் நிறைய, பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு கடைசித் தொட்டி வரைக்கும் வந்துவிடும்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அங்கே நுரைப்பது தன்னுடைய பசை. போன மாதம் தான் செய்து அனுப்பிய பசை ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, இந்த மாதப் பசைக்குக் குழி பறிக்கிறது.

முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், ஏழுங்கறது என்ன?"

"ஏழுங்கறது ஏழு."

"அது அவங்ககிட்டயும் இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னா? உன் வீட்டுக்காரரா?"

"அவர் வாயே திறக்கல. சோதனை பண்ணிப் பாத்தேன்." எல்லாவற்றையும் விளக்கினாள். "நாம மட்டும் சரி பண்ண முடியாது சார். அவங்க ஊத்தற இடத்தை மாத்தணும். அதுக்கு நுரை எங்கருந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரியணும். நம்ம பசையில பால் தூள் இருக்குன்னு சொல்லியாகணும்."

"எது இருக்குன்னு?"

"ரெண்டு" என்று திருத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா. இந்தப் பசைக்குப் பக்குவம் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. என் பார்ட்னர் ஒரு நாள் என் நோட்டைத் தூக்கிட்டுப் போய் அடுத்த தெருவுல கடை போட்டான். கேட்டா, அறிவு எல்லாருக்கும் பொதுங்கறான். பொதுன்னு சொல்றவன் எல்லாம் அடுத்தவன் நோட்டைத்தான் எடுத்துட்டுப் போறான். தன் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில வச்சவன் ஒருத்தனைக் காட்டு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லேபிள் நடப்பதும் இருந்தது.

"அவங்க முதல்ல சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார் அவர். "மீட்டிங்ல உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, லேப் மட்டும் இல்ல, நீயும் இருக்க மாட்ட."

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் நாலு பக்கத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தாள். நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இது எதுவும் காதுல விழல" என்று சொல்லிவிட்டு, கணவன் உள்ளறைக்குப் போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அடுத்த நிமிஷமே எட்டிப் பார்த்து, "நாளைக்கு நானும் மீட்டிங்குக்கு வரணுமாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனான்.

"எங்க லைப்ரரியில ஒரு புத்தகத்தை நூறு பேர் எடுத்துட்டுப் போறாங்க" என்றாள் நாத்தனார், தாளைப் படித்துக்கொண்டே. "திரும்பி வர்றப்ப ஒரு பக்கம்கூடக் குறையறதில்ல. உங்க முதலாளிக்கு இது தெரியுமா?"

"அந்தப் புத்தகத்தை எழுத அவங்க யாரும் பதினோரு வருஷம் உக்காரலயே."

"அண்ணி, நீங்க யார் கட்சி?"

"லேபிள் கட்சி."

நாத்தனார் விரலை வைத்துப் படித்தாள். "பேச்சாலோ, எழுத்தாலோ, படத்தாலோ, மாதிரிப் பொருளாலோ, ஒலிப்பதிவாலோ தெரிவிக்கக் கூடாது. ம். கை கழுவறது இதுல இல்லையே."

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பானத் தொழிற்சாலையின் நீளமான அறையில் நடந்தது. ஒரு பக்கம் பூட்டு முதலாளியும் அவளும். எதிரே பானத் தொழிற்சாலையின் மேலாளரும் அவளுடைய கணவனும். மேஜையின் ஓரத்தில், பேசுவதைக் குறித்துக்கொள்ள ஒரு தட்டச்சுக்காரப் பெண். இரண்டு கோப்புகளும் மூடியிருந்தன.

"எங்க பக்கம் எந்த மாற்றமும் பண்ணல" என்றார் மேலாளர்.

"எங்க பக்கமும்தான்" என்றார் முதலாளி.

எதில் மாற்றம் பண்ணவில்லை என்று இருவரும் சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் இப்படியே போயிற்று. தட்டச்சுக்காரப் பெண் இதுவரை எழுதியது இரண்டு வரி.

"சார், ஒரு சின்னப் பரிசோதனை காட்டட்டுமா?" என்றாள் அவள். "யாரும் எதுவும் பேச வேண்டாம்."

பையிலிருந்து மூன்று கண்ணாடி ஜாடிகளை எடுத்தாள். தாழ்வாரத்தின் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, மூடிக் குலுக்கினாள். மூன்றிலும் நுரை கழுத்து வரை நின்றது. முதல் ஜாடியைத் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் சந்தேகத்தோடு விரலை விட்டாள். நுரை அப்படியே நின்றது.

இரண்டாவதை முதலாளியிடம் நீட்டினாள். அவர் முறைத்துவிட்டு விரலை விட்டார். அன்று காலையும் அவர் பூட்டிய அறையில் குவளைகளை நிரப்பிவிட்டுத்தான் வந்திருந்தார். நுரை குபுக்கென்று அமிழ்ந்தது.

மேலாளர் சிரித்துக்கொண்டே மூன்றாவதில் விரலை விட்டார். பானத் தொழிற்சாலையில் 'மஞ்சள்' என்று ஒன்று உண்டு. மஞ்சள் டப்பாவில் இருக்கும், பெயர் கிடையாது. அதை அலமாரியிலிருந்து அளந்து கொடுப்பது மேலாளர் மட்டும்தான். அவருடைய நுரையும் அமிழ்ந்தது. சிரிப்பும் அதோடு போயிற்று.

முதலாளி தன் விரலை முகர்ந்தார். மேலாளர் தன் விரலை முகர்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தார்கள். மேலாளருக்கு மணி அடித்தது. முதலாளிக்கு, நீங்கள் அழைப்பவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் முதலாளி.

எதிர்முனையில் ரசாயனக் கடைக்காரர் நிதானமாகப் பேசினார். "உங்களுக்கு மட்டும்தான் தர்றேன்னு நான் எப்ப சார் சொன்னேன்? யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையெழுத்து வாங்கினீங்க. சொல்லல. மத்தவங்களும் அப்படித்தான் வாங்கினாங்க. அவங்ககிட்டயும் சொல்லல."

"மத்தவங்கன்னா எத்தனை பேர்?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னும் கையெழுத்து போட்டிருக்கேனே."

"அது பேரு என்னய்யா?" என்று கத்தினார் முதலாளி, தனக்குத் தெரிந்ததையே.

"டப்பா மேல அச்சடிச்சே வருது சார். சிலிகோன் எண்ணெய் நுரையடக்கி. வாங்கினவுடனே எல்லாரும் சுரண்டிடறீங்க. நான் என்ன பண்ண?"

பிறகு மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்க ஒரே ஒரு குவளைதான் ஊத்தறோம். கடைசி அலசல்ல. நுரை வந்தா மட்டும்" என்றார்.

"ரெண்டு குவளை சார்" என்றான் கணவன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"ரெண்டா? ஒண்ணுன்னுதானே சொல்லியிருக்கேன்."

"காலை ஷிப்ட் முடிஞ்சு கிளம்பறப்ப நான் ஒண்ணு ஊத்துவேன். மத்தியான ஷிப்ட் வந்தவுடனே அவங்க ஒண்ணு ஊத்துவாங்க. அளந்து கொடுத்ததுல மிச்சம் வச்சுப்பாங்க போல. அவங்க குவளையும் ஈரமா இருந்ததைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சது."

"போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டீங்களா?"

"மஞ்சளைப் பத்தி யாரும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதி வாங்கியிருக்கீங்க."

தட்டச்சுக்காரப் பெண் வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

முதலாளி கூரையைப் பார்த்தார். மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது. "நுரை எங்கருந்து வருதுன்னு அந்தம்மா சொல்லும்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பால்னு சொல்லிக்கோ. பரவால்ல" என்றார்.

அவள் சொன்னாள். மேலாளர் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார். கணவன் ஒரு தாளில் தொட்டிகளை வரிசையாக வரைந்து, எந்தத் தொட்டியில் ஊற்றினால் அதற்குப் பிறகு எத்தனை தண்ணீரில் பாட்டில் அலசப்படும் என்று எண்ணிக் காட்டினான். நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் தன் வேலையைப் பற்றி அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது பிடித்திருந்தது. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊற்றும் தொட்டியை மாற்றி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார்கள். பூட்டு முதலாளி முதல் தடவையாகக் கழுவுமிடத்துக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாலை ஆறு மணிக்கு ஒட்டிய லேபிள்களும் பெட்டிக்குள் நேராக நின்றன. ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகவே இருக்கட்டும் என்று முதலாளி சொன்னார்.

அதன் பிறகு இரண்டு தரப்புகளும் சேர்ந்து உட்கார்ந்து, கண்டுபிடித்த தீர்வு வேறு யாருக்கும் போகாமலிருக்க ஒரு புதிய ஒப்பந்தம் எழுதின. ஆறு பக்கம். பேச்சு, எழுத்து, படம் என்ற பட்டியலில், விரலால் நுரையைத் தொடுதல் என்பதும் சேர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். கழுவுமிடத்தில் இரண்டு ஷிப்டுக்கும் முப்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவர் அறியாமல் ஊற்றினாலும் லேபிள் மறுபடி நடக்கும். ஆகவே தீர்வைச் சுவரில்தான் எழுதியாக வேண்டும், எண்ணோ நிறமோ இல்லாமல், வாசிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற மாதிரி. முதலாளி பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். அவள் எழுதி, கழுவுமிடத்திலும் பசை கலக்குமிடத்திலும் ஒட்டினாள்:

நுரை, பழைய லேபிளின் பசையில் உள்ள பால் தூளால் வருகிறது. சிலிகோன் நுரையடக்கியை முதல் காஸ்டிக் தொட்டியில் மட்டும் ஊற்றவும்: காலை ஷிப்ட் தொடங்கும்போது அரைக் குவளை, மத்தியான ஷிப்ட் தொடங்கும்போது அரைக் குவளை. அதற்குப் பிறகு வரும் தண்ணீர்கள் அதை அலசிவிடும். கடைசி அலசலில் ஒரு சொட்டும் கூடாது. அங்கே வெறும் தண்ணீர். பசை கலக்குமிடத்தில் நுரையடக்கி, முன்பு போட்டதில் பாதி. ஊற்றியவர் நேரத்தையும் அளவையும் இதன் கீழே எழுதிவிட்டு, அடுத்து வருகிறவரிடம் வாயாலும் சொல்லவும்.